தொலைதூரப் பணியிடத்தில் பல்வலி: புறப்படுமுன் அறிய வேண்டியவை

நகரத்தில் வாழும் ஒருவருக்கு இரவில் பல்வலி வந்தால், பொழுது விடிந்ததும் அவர் பல் மருத்துவரிடம் சென்றுவிடலாம். அதே வலி, கரையிலிருந்து பல நாள் பயணத் தொலைவில் உள்ள சரக்குக் கப்பலிலோ, கடல் நடுவே நிற்கும் எண்ணெய்த் துரப்பண மேடையிலோ, பனிமலைக் காவல் முகாமிலோ பணியாற்றுபவருக்கு வந்தால், அவரை ஹெலிகாப்டரில் ஏற்றி வெளியே கொண்டுவர வேண்டிய நிலை உருவாகலாம். மாரடைப்பு, எலும்பு முறிவு போன்றவற்றுடன் பல் நோயும் இத்தகைய அவசர வெளியேற்றங்களுக்குக் காரணமாக இருந்துவருகிறது. அவற்றுள் முன்கூட்டியே தடுக்க மிக எளிதானதும் இதுவே. கப்பலிலும், இராணுவத்திலும், அயல்நாட்டுப் பணித்தளங்களிலும் பணியாற்றி, குறுகிய விடுமுறையில் வீடு வந்து திரும்புவோருக்காகவும் அவர்களுடைய குடும்பத்தாருக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

வரலாறு தந்த பாடம்

1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், பிரிட்டிஷ் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் பல் நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலர் பணிக்குத் தகுதியற்றவர்களாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். படையினருக்கு உணவாகத் தரப்பட்ட கடினமான பிஸ்கட்டைச் சொத்தைப் பற்களால் கடித்து உண்ண இயலவில்லை. ஆயினும் 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது, பிரான்சு சென்ற பிரிட்டிஷ் படையுடன் பல் மருத்துவர் எவரும் அனுப்பப்படவில்லை. படைத்தளபதி டக்ளஸ் ஹெய்க் கடும் பல்வலியால் துன்புற்று, பாரிசிலிருந்து பல் மருத்துவரை வரவழைக்க நேர்ந்தது என்பர். அதன் பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 1921இல் பிரிட்டிஷ் இராணுவத்திலும், 1941இல் இந்திய இராணுவத்திலும் தனிப் பல் மருத்துவப் படைப்பிரிவுகள் அமைந்தன.

விண்வெளியும் இதற்கு விலக்கல்ல. 1977 - 78இல் சல்யூட் 6 நிலையத்தில் 96 நாட்கள் தங்கிய சோவியத் விண்வெளி வீரர் யூரி ரோமனென்கோ, பல்வலியைத் தாங்கிக்கொண்டே பணியைத் தொடர வேண்டியதாயிற்று. குளிர்காலத்தில் வெளியுலகத் தொடர்பு அற்றுப்போகும் அண்டார்க்டிகாவுக்கு மருத்துவர்களை அனுப்பும் ஆஸ்திரேலியா, பல் அடைத்தல், பல் பிடுங்குதல் போன்றவற்றில் அவர்களுக்குப் பயிற்சி அளித்த பின்னரே அனுப்புகிறது.

பல்வலி ஏன் அவசரநிலையாகிறது?

பல்லின் உட்பகுதியில் நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் உள்ளது. சொத்தை அதனை எட்டும்போது பற்கூழில் அழற்சி உண்டாகிறது. உடலின் பிற பகுதிகளில் அழற்சி ஏற்பட்டால், அவ்விடம் வீங்க இடம் உண்டு. பல்லின் சுவர்களோ கடினமானவை. எனவே உள்ளே அழுத்தம் பெருகி, உறக்கத்தைக் கெடுக்கும் வலி தோன்றுகிறது. சில நாட்களில் பற்கூழ் அழிந்து வலி தானே அடங்கிவிடலாம். ‘சரியாகிவிட்டது’ என்று பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அழிந்த பற்கூழிலிருந்து கிருமிகள் வேர்நுனி வழியே எலும்பினுள் சென்று சீழ்க்கட்டியை உருவாக்குகின்றன.

கீழ்க் கடைவாய்ப் பற்களின் சீழ், தாடையின் அடிப்பகுதிக்கும் கழுத்துக்கும் பரவக்கூடும். லுட்விக் ஆஞ்சைனா எனப்படும் இந்நிலையில் நாக்கின் அடிப்பகுதி வீங்கி, மூச்சுப்பாதை அடைபடுகிறது. இது உயிருக்கு ஆபத்தானது. நீரிழிவு நோய் உள்ளவர்களுக்குத் தொற்று விரைவாகப் பரவும்.

இளம் வயதினருக்குப் பாதியளவே முளைத்து நிற்கும் ஞானப்பல் தொல்லை தரும். அதன்மேல் படர்ந்த ஈற்றுமடிப்பில் உணவுத் துகள் தங்கி, வீக்கம் கண்டு, வாயைத் திறக்கவே இயலாத நிலை ஏற்படும்.

விமானிகளுக்கும் ஆழ்கடல் மூழ்குவோருக்கும் மற்றொரு தொல்லை உண்டு. சுற்றியுள்ள காற்றழுத்தம் மாறும்போது, பழுதடைந்த பல்லிலோ சரியாகப் பொருந்தாத பல் அடைப்பின் கீழோ சிக்கியுள்ள காற்றின் கன அளவு மாறி, திடீரெனக் கடும் வலி எழும். பயணிகள் விமானத்தின் உள்ளேயும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் நிலவும் அளவுக்குக் குறைகிறது. தரையில் அமைதியாக இருந்த பல், பணியிடம் நோக்கிய விமானத்திலேயே வலிக்கத் தொடங்குவது இதனால்தான்.

உங்கள் பற்கள் எந்த வகுப்பு?

அமெரிக்க இராணுவம் தன் வீரர்களின் பல் நலத்தை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. சிகிச்சை எதுவும் தேவைப்படாதவர் முதல் வகுப்பு. சிகிச்சை தேவை எனினும் அடுத்த 12 மாதங்களில் அவசரநிலை வர வாய்ப்பில்லாதவர் இரண்டாம் வகுப்பு. 12 மாதங்களுக்குள் அவசரநிலை வர வாய்ப்புள்ளவர் மூன்றாம் வகுப்பு. ஓராண்டுக்கும் மேலாகப் பரிசோதனையே செய்துகொள்ளாதவர் நான்காம் வகுப்பு. கடைசி இரு வகுப்பினரும் தொலைதூரப் பணிக்கு ஆயத்தமானவர்களாகக் கருதப்படுவதில்லை.

வலியே இல்லாதவரும் நான்காம் வகுப்பில் வைக்கப்படுவது கவனிக்கத்தக்கது. வலியின்மை, பல் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. கடைசியாக எப்போது பல் மருத்துவரைச் சந்தித்தோம் என்பது நினைவில் இல்லையெனில், நாமும் நான்காம் வகுப்பே.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

• விடுமுறையின் முதல் வாரத்திலேயே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடைசி வாரத்தில் வந்தால், சிகிச்சையைத் தொடங்கலாம். முடிக்க இயலாமற் போகலாம்.

• எத்தகைய இடத்துக்கு, எத்தனை மாதங்களுக்குச் செல்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். ஊரில் இருப்பவருக்கு ‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்று கூறத்தக்க பல்லுக்கு, உங்களுக்கு உடனடிச் சிகிச்சை பரிந்துரைக்கப்படலாம்.

• பற்களுக்கு இடையிலும் வேர்நுனியிலும் மறைந்துள்ள கோளாறு கண்ணுக்குத் தெரியாது. மருத்துவர் கூறினால் எக்ஸ்-ரே எடுத்துக்கொள்ளுங்கள்.

• வேர்ச் சிகிச்சையைப் பாதியில் விட்டுச் செல்லாதீர்கள். தற்காலிக அடைப்பு நெடுநாள் நிலைக்காது. உறை பொருத்தப்படாத பல் உடையவும் கூடும்.

• பல் பிடுங்கிய பின் எத்தனை நாள் கழித்து விமானப் பயணம் செய்யலாம் என்பதைக் கேட்டறியுங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் சைனஸ் அறையை ஒட்டி அமைந்திருப்பதால் இது முக்கியமானது.

• எக்ஸ்-ரே படங்களின் நகலையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கைப்பேசியில் வைத்திருங்கள்.

பணியிடத்தில் வலி வந்தால்

முதல் நாளிலேயே பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் பணியாளர்களுக்கு இன்றியமையாப் பல் மருத்துவத்தையும் உள்ளடக்கிய மருத்துவ உதவியை உரிமையாக வழங்குகிறது. கடலில் இருப்போர் வானொலி, செயற்கைக்கோள் தொடர்பு வழியே மருத்துவ ஆலோசனை பெறலாம். 1935 முதல் ரோமில் இயங்கிவரும் வானொலி மருத்துவ மையம் இவ்வுதவியை இலவசமாக அளிக்கிறது.

வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளியுங்கள். பல்லிடுக்கில் சிக்கிய உணவை மெல்ல அகற்றுங்கள். பாராசிட்டமால் வலியைத் தணிக்கும். அனைத்து வகை மாத்திரைகளையும் சேர்த்து, ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் அது உடலில் சேரக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே அதனை உட்கொள்ள வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்களும் ஐபுபுரூஃபனைத் தாமாக எடுத்துக்கொள்ளலாகாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றின்மேல் வைத்தால் ஈறு புண்ணாகிவிடும். கன்னத்தின்மேல் சூடான ஒத்தடம் வேண்டாம்.

நுண்ணுயிர்க் கொல்லி மருந்தைத் தாமாகத் தொடங்குவதும் தவறு. அம்மருந்து தொற்று பரவுவதைச் சில நாட்கள் தடுக்கலாம். சீழை வெளியேற்றி, பல்லுக்கு உரிய சிகிச்சை அளிக்கும்வரை நோயின் வேர் நீங்காது.

அடிபட்டு நிரந்தரப் பல் முழுதாக விழுந்துவிட்டால், அதன் வெண்மையான மேற்பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேர்ப்பகுதியைத் தேய்க்காமல், சில நொடிகள் பாலிலோ தூய நீரிலோ அலசி, அதே குழியில் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளுங்கள். இயலாவிடில் பாலில் இட்டு வையுங்கள். முதல் 30 நிமிடங்களுக்குள் பொருத்தினால் பல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

உடனே வெளியேற்ற வேண்டிய அறிகுறிகள்

மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம், தாடையின் அடியிலோ கழுத்திலோ, கண்ணைச் சுற்றியோ பரவும் வீக்கம், நாக்கு மேலெழுதல், வாயைத் திறக்க இயலாமை, குரல் மாற்றம், வீக்கத்துடன் கூடிய கடும் காய்ச்சல், நிற்காத இரத்தக் கசிவு. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது. படுத்திருப்பதைவிட நிமிர்ந்து அமர்ந்திருப்பது மூச்சுக்கு நல்லது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

பல் கோளாறு தெரிந்தால் பணி கைநழுவிவிடுமோ என்று அஞ்சி, தகுதிப் பரிசோதனையில் வலியை மறைப்போர் உண்டு. அவர்களுடைய அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. குடும்பத்தின் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அந்த ஊதியத்தை நம்பியிருக்கின்றன. ஆனால் கரையில் கண்டறியப்பட்ட சொத்தை, சிகிச்சைக்குப் பின் பணிக்குத் தடையாக நிற்பதில்லை. கடல் நடுவே வெளிப்படும் சீழ்க்கட்டியோ ஒப்பந்தத்தைப் பாதியில் முறிக்கலாம். மோசமான வானிலையில் உதவிக்கு வரும் மீட்புக் குழுவினரின் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்கலாம்.

விடுமுறையில் வருபவர், திருமண வீடு, கோவில், உறவினர் சந்திப்பு என நாட்களைச் செலவிட்டு, பல்லை அடுத்த முறைக்கு ஒத்திவைப்பது வழக்கம். அவர் ஊர் வந்து சேருமுன்னரே, பல் மருத்துவரிடம் நீங்கள் நேரம் குறித்து வைத்துவிட்டால், அந்த ஒத்திவைப்புக்கு இடமிராது.