நிறம் சொல்லும் சூடு, அரம் சொல்லும் கடினம்

சாமை அறுக்கும் அரிவாளானாலும் புளியமரக் கிளை கழிக்கும் கொடுவாளானாலும், ஜவ்வாது மலையில் இன்று பட்டறைக்காரர் தேடுவது பழைய லாரிப் பட்டையை, அதாவது லாரியின் ஸ்பிரிங் தகட்டைத்தான். அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம். கத்திக்கு அது போதும். வேலையே அடித்து முடித்த பிறகுதான் இருக்கிறது.

இரும்பு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத்தில் ஒட்டாது. தோய்ச்சலுக்கான சூடு அதற்குச் சற்று மேலே. கத்தியை அந்தச் சூட்டுக்குச் சிவக்க ஏற்றி, வாயை மட்டும் தண்ணீரில் இறக்கினால், கார்பன் வெளியேற நேரமில்லாமல் இரும்பின் படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. வாய் கண்ணாடிபோல் இறுகும். கட்டையில் ஓங்கி வெட்டினால் சில்லு தெறிக்கும். ராக்வெல் அளவில் அப்போது கடினம் 60ஐ ஒட்டி இருக்கும்.

உடனே கல்லில் தேய்த்து வாயைப் பளிச்சென்று ஆக்க வேண்டும். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். கூடவே நிறங்களும் நகர்ந்து வரும். சுமார் 220 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறம், 255ல் பழுப்பு, 280ல் ஊதா, 300ல் நீலம். சமையல் கத்திக்கு வைக்கோல் நிறம். மரம் வெட்டும் கொடுவாளுக்குப் பழுப்பு ஊதாவாகும் தறுவாய். அந்த நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி தண்ணீர். ஒரு நொடி அசந்தால் நீலம் ஓடிவிடும், வாய் மடங்கும். நேர் வெயிலில் மஞ்சள் பிடிபடாது என்பதால் இதை நிழலில் செய்வதே நல்லது.

நிறம் சாயமல்ல. மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டுவதைப் போலவே, எஃகின் மேல் படரும் ஆக்சைடு படலமும் ஒளியைப் பிரித்துக் காட்டுகிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே நிறம் சொல்வது சூட்டை மட்டுமே. தோய்க்காத ஆணியைச் சுட்டாலும் இதே மஞ்சளும் நீலமும் வரும். ஆணி மெத்தென்றே இருக்கும். தென்பெண்ணைக்குத் தெற்கே மேல்சிறுவள்ளூரில் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் ஆராய்ந்த பழைய மூசை எஃகில் கார்பன் 1 சதவீதத்துக்கும் மேல். அதுவும் லாரிப் பட்டையும் ஒரே வைக்கோல் நிறத்தில் நின்றாலும் கடினம் ஒன்றாக இராது.

கடினத்தைச் சோதிக்க அரம் வேண்டும். அதன் கடினம் ராக்வெல்லில் சுமார் 65. தோய்த்த உடனே வாயில் இழுத்தால் வழுக்க வேண்டும். கடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை, திரும்ப உலைக்குத்தான் போக வேண்டும். நிறம் பார்த்து முடித்தபின் அரம் லேசாகப் பிடிக்கும். லாரிப் பட்டைக்கு 55 முதல் 58 வரை என்று கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகில் இந்த நிறக்கணக்கு செல்லாது. குரோமியம் ஆக்சைடு வளர்வதைத் தடுப்பதால், வைக்கோல் நிறமே இன்னும் அதிகச் சூட்டில்தான் எட்டிப்பார்க்கும்.