கணிப்பொறி நின்றுபோனால்: வட்டுப் பிம்பம் என்னும் முன்னேற்பாடு

சங்க அலுவலகங்களில் பேரேடும் சிட்டாவும் இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி அமர்ந்துவிட்டது. நூல் இருப்பு, நெசவுக் கூலி, பயிர்க்கடன் தவணை யாவும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன. ஒரு நாள் காலையில் அது இயங்க மறுத்தால் என் செய்வது? இக்கேள்வியைக் கூலிப் பட்டுவாடா நாளன்று எழுப்பிக்கொள்வதைவிட இன்றே ஆராய்வது நலம்.

“கணக்குகளைப் பென்டிரைவில் பிரதி எடுத்து வைத்திருக்கிறோமே” என்பர் சிலர். அது நன்றே, ஆயினும் போதாது. விண்டோஸ், கணக்கு மென்பொருள், தமிழ் எழுத்துரு, அச்சுப்பொறிக்குரிய டிரைவர் என ஒவ்வொன்றாக மீண்டும் நிறுவியாக வேண்டும். ஒரு நாளோ இரு நாளோ அதிலேயே கழியும். மென்பொருள் வாங்கியபோது தந்த உரிம எண்ணைத் தேடி அலைவது தனிப் பாடு.

நெசவாளருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பாவு தீர்ந்ததும் பழைய இழைநுனிகளை அச்சிலும் விழுதிலும் விட்டுவைத்துப் புதுப் பாவை அவற்றோடு பிணைக்கிறோமே, எதற்காக? ஆயிரக்கணக்கான இழைகளை முதலிலிருந்து கோத்தெடுக்கும் வேலை மிச்சம் என்பதற்காகத்தானே! வட்டுப் பிம்பமும் அத்தகையதே. கோப்புகளைத் தனித்தனியே எடுக்காமல், ஹார்ட் டிஸ்க் முழுவதையும், அதன் பிரிவினைகளும் துவக்கப் பகுதியும் உட்பட, உள்ளது உள்ளபடியே ஒரு தொகுப்பாகப் பதிந்து வைத்தலே இம்முறை. வட்டு பழுதானால் புதிய வட்டில் அப்பிம்பத்தை இறக்கினால் போதும்.

1990களின் நடுவில் நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் மர்ரே ஹஸார்ட் உருவாக்கிய ‘கோஸ்ட்’ என்னும் மென்பொருள் இம்முறையைப் பரவலாக்கிற்று. 1998இல் ஸைமன்டெக் நிறுவனம் அதனை வாங்கியது. இன்றோ தைவானில் தோன்றிய ‘குளோன்ஸில்லா’ விலையின்றியே கிடைக்கிறது. பென்டிரைவிலிருந்து துவங்கும் இது, தான் அறிந்த கோப்பு முறைகளில் வட்டின் வெற்றிடத்தை விடுத்து, நிரம்பிய பகுதியை மட்டும் எடுக்கும். நூறு ஜிகாபைட் நிரம்பியிருந்து, நொடிக்கு ஐம்பது மெகாபைட் வேகம் கிட்டினால், ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடத்தில் வேலை முடியும்.

ஆனால் எடுத்து வைத்தோம் என்று கண்ணயர்தல் ஆகாது. 2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில், ஊழியரொருவர் வேறொரு சர்வர் எனக் கருதி, இயங்கிக்கொண்டிருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். அன்றாடப் பிரதிகள் எங்கே என்று பார்த்தால், அவை முன்னரே நின்றுபோயிருந்தன! தவறை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் சேர்விடம் சேரவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்திருந்த வட்டுப் பிம்பமே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துத் தரவு போயிற்று. அதிலும், பிம்பம் இருந்த வட்டு மெதுவானது. சேவை திரும்பப் பதினெட்டு மணி நேரம் ஆயிற்று.

ஆகவே, எடுத்த பிம்பத்தை வேறொரு வட்டில் ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட வேண்டும். அதே கணிப்பொறியினுள் வைத்தால் வட்டோடு அதுவும் போகும். எப்போதும் இணைத்தே வைத்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் அதனையும் பூட்டிவிடும். புதிய மென்பொருள் நிறுவியபின் புதுப் பிம்பம் எடுத்து, மேலே தேதி எழுதிக் கழற்றிப் பீரோவில் வைக்கலாம். நாள்தோறும் மாறும் கணக்குகளுக்கு மட்டும் பழையபடியே அன்றன்று பிரதி எடுத்துவர வேண்டும். மாற்று வட்டு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க: பழையதைவிடக் கொள்ளளவு குறைந்த வட்டில் குளோன்ஸில்லா இயல்பாகப் பிம்பத்தை இறக்காது.