ஜவ்வாக இழுத்தல்

முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் நீளும் தொலைக்காட்சித் தொடரை ‘ஜவ்வா இழுக்குறாங்க’ என்பது தமிழ்நாட்டு வழக்கு. திருவிழாக்களில் விற்கும் ஜவ்வு மிட்டாயை நினைவூட்டும் சொல் இது. மூங்கில் கழியில் சுற்றியிருக்கும் சர்க்கரைப் பாகைக் கொஞ்சம் இழுத்து, கைக்கடிகாரமாக வளைத்து, குழந்தையின் மணிக்கட்டில் ஒட்டிவிடுவார் வியாபாரி. இழுக்க இழுக்க நீளம் கூடும். மிட்டாயின் எடை கூடாது.

இழுபடும் இன்னொரு பொருள் திருப்பூர் பனியனின் கழுத்துப் பட்டி. அது ரிப் பின்னலால் ஆனது. இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். அளவு மீறி இழுத்தால் தொளதொளத்துவிடும். கதைக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு.

அமெரிக்காவில் ‘ஜவ்வாக இழுத்த’லுக்கு நெருக்கமான வழக்கு ‘சுறாவைத் தாண்டுதல்’. 1977-ல் ‘ஹேப்பி டேஸ்’ தொடரில், ஃபான்ஸி என்ற பாத்திரம் நீர்ச்சறுக்கில் போய்ச் சுறாவைத் தாண்டும். அந்தக் காட்சியை வைத்து 1985-ல் மிச்சிகன் பல்கலைக்கழக நண்பர்களிடையே இந்தச் சொல் பிறந்தது. அவர்களில் ஒருவரான ஜான் ஹைன் பின்னர் அதைப் பரப்பினார். ஒரு தொடர் சரியத் தொடங்கும் தருணத்தை அது குறிக்கிறது. தமிழ் வழக்கு, சரிந்தபின்னும் நீளும் இழுவையைக் குறிக்கிறது.