மருத்துவமனையில் பணம் கட்டும் முன்



கடந்த ரமழானில் நம் சகோதரி ஒருவர் அறக்கட்டளைக்கு வந்தார். கணவருக்கு நெஞ்சுவலி, வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நகைகள் எல்லாம் அடகில். "காப்பீட்டு அட்டை இல்லையாம்மா?" என்று கேட்டோம். "பீரோவுல இருக்கு. காப்பீட்டுல போட்டா நாலு நாள் ஆகும், பணம் கட்டினா இன்னைக்கே வச்சிடலாம்னு சொன்னாங்க" என்றார்.

கடன்பட்டவர் ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்தான். ஒரு பகுதி கொடுத்தோம். ஆனால் இந்தக் கடன் வந்திருக்கவே வேண்டியதில்லை. அந்த நிதி போய்ச் சேர வேண்டிய வேறு வீடுகளும் நம் ஊரில் இருக்கின்றன.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் தொடக்கம் 2009 ஜூலையில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012இல் இப்போதைய பெயரைப் பெற்று, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. குடும்பத்துக்கான பிரீமியத்தை அரசு கட்டுகிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகை முன்கூட்டியே முடிவாகியிருக்கும். மருத்துவமனை முன் அனுமதி கேட்டு வாங்கி, அந்தத் தொகைக்குள் செய்ய வேண்டும். நோயாளி பணம் கட்டக் கூடாது.

இதில் நமக்கு நன்மையும் உண்டு, சிக்கலும் உண்டு. பில்லை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது என்பது நன்மை. தொகை போதாது என்று நினைக்கும் மருத்துவமனை தட்டிக்கழிக்கவோ, வித்தியாசப் பணம் கேட்கவோ பார்ப்பது சிக்கல். ஆகவே அட்மிஷன் போடும்போதே அட்டையைக் காட்டி, திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தாலும் பணம் கேட்டாலும் 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். பணமில்லாச் சிகிச்சைக்கான திட்டம் இது. பில்லைக் கட்டிவிட்டு அட்டையை எடுத்து வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது.

திட்டத்துக்குள் வராத செலவு மாதாந்திர மாத்திரை. நம் வீடுகளில் சர்க்கரை, பிரஷர் இல்லாத வீடு குறைவு. "புது மாத்திரை, விலை கூட, ஆனா நல்லது" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை 1999இல் பெரிய விளம்பரத்தோடு வந்தது. அதனால் மாரடைப்பு கூடலாம் என்று 2007இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. 2010இல் நம் நாட்டில் தடை செய்தார்கள். அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு, அந்த மாத்திரையை ஆதரித்து எழுதிய நிபுணர்களில் பலருக்கு மருந்து நிறுவனங்களோடு பணத் தொடர்பு இருந்ததைக் காட்டியது. பாதுகாப்புத் தகவல்களை அமெரிக்க அரசுக்கு முழுமையாகத் தராதது உள்ளிட்ட குற்றங்களை 2012இல் ஒப்புக்கொண்டு, தயாரித்த நிறுவனம் 300 கோடி டாலர் கட்டியது. மாரடைப்பு அபாயம் முதலில் அஞ்சிய அளவுக்கு இல்லை என்று பிறகு அமெரிக்கா கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது வேறு விஷயம். மருந்தை விற்பவரே ஆய்வுக்கும் பணம் கொடுத்தால், பாதகமான முடிவு வெளியே வரத் தாமதமாகும்.

1950களிலிருந்து புழக்கத்தில் உள்ள மெட்ஃபார்மின் இன்றும் முதல் மருந்தாகவே இருக்கிறது, விலையும் குறைவு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். டாக்டர் புது மாத்திரை எழுதினால், பழையது ஏன் போதவில்லை, இதே மருந்து ஜெனரிக்கில் கிடைக்குமா என்று மரியாதையோடு கேளுங்கள். ஆனால் யார் சொல்லியும், நாங்கள் சொல்லியும்கூட, நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று ஆகியவற்றோடு அஸர் தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். படிவத்தை எழுதித் தருகிறோம். கலெக்டர் அலுவலக மையத்துக்குத் தனியே போகத் தயங்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் இன்ஷா அல்லாஹ் துணைக்கு ஆள் அனுப்புகிறோம்.