குட்டி யானை வண்டியும் அது தாங்கும் பாரமும்

விளைந்த பொருளைச் சேதமின்றியும் காலந்தாழ்த்தாமலும் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது, சாகுபடியைப் போலவே குடியானவர்களின் கவனத்திற்குரிய காரியமாகும். இதற்கு நம் கிராமங்களில் பெரிதும் பயன்படுவது, ஜனங்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் சிறு லாரி. டாட்டா மோட்டார்ஸ் கம்பெனியார் இதனை 'டாட்டா ஏஸ்' என்னும் பெயரால் 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டனர். வாங்கியோர் இதன் அமைப்பை மெச்சுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஆயினும், சில ஆண்டுகளுக்குள் இவ்வண்டியையே குறை கூறுவோரும் உளர். இவ்வேறுபாட்டிற்குப் பல இடங்களில் காரணமாவது ஏற்றும் பாரத்தின் அளவே. அதனை இக்கட்டுரை விளக்குகிறது.

வண்டியின் அமைப்பு

கிரீஷ் வாக் என்னும் பொறியாளரின் தலைமையில் இவ்வண்டி உருவாயிற்று. அவர் குழுவினர், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டிக்காரர்களை முதலில் நேரிற் கண்டு விசாரித்தனர். குறைந்த விலை, குறைந்த டீசல் செலவு, கவிழாத நான்கு சக்கரம், ஊரில் மதிப்பு ஆகியவற்றையே அவர்கள் விரும்பினர். இதற்கேற்ப, 1998-இல் வெளிவந்த இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் யந்திரத்தை அடிப்படையாகக் கொண்டு, அதிற் பாதியளவாக, 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் யந்திரம் செய்யப்பட்டது. அதன் வலிமை 16 குதிரைத் திறன். யந்திரம் இருக்கையின் கீழ் அமைந்திருப்பதால், வண்டி சிறியதாயினும் பின்பெட்டி ஏறக்குறைய 7 அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. குறுகிய தெருவிலும் வரப்போரப் பாதையிலும் எளிதில் திரும்பும். வில் வண்டியில் உள்ளவை போன்ற இரும்பு வில் பட்டைகளே பாரத்தைத் தாங்குகின்றன. உறுப்புகள் சில; பழுது பார்ப்பதும் எளிது.

பாரத்தின் கணக்கு

முதலில் வந்த வகைக்கு விதித்த பாரம் ஏறக்குறைய 750 கிலோ. பின்னர்ப் பல வகைகள் வந்துள்ளன. 2022-இல் மின்சாரத்தால் ஓடும் வகையும் வெளியாயிற்று. ஆகையால் தத்தம் வண்டிக்குரிய அளவைப் பதிவுச் சான்றிதழிற் காண்க. அதில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையையும், ஓட்டுபவர் எடையையும் கழித்தால் எஞ்சுவதே ஏற்றத்தக்க சரக்கு.

750 கிலோ என்பது, 75 கிலோ நெல் மூட்டையானால் 10. 40 கிலோ சிப்பமானால் 18. கண்ணளவு இங்கே ஏமாற்றும். வைக்கோல் வானளாவ அடுக்கியும் இவ்வெடையை எட்டாதிருக்கலாம். ஆனால் உயரம் மிகுந்தால் வளைவில் வண்டி சாயும். மணலையோ பெட்டியில் ஓரடி உயரம் நிரப்பினாலே ஏறக்குறைய 1,600 கிலோ, அதாவது இரு மடங்குக்கு மேல் ஆகிவிடும்.

மிகுந்த பாரத்தின் தீமைகள்

பாரம் மிகுந்தால் டயர் அமுங்கிச் சூடேறி, வெயிற் காலத்தில் வெடிக்க ஏதுவாகும். வில் பட்டைகள் நிமிர்ந்து வளையுந்தன்மையை இழக்கும். பிரேக்குகள் சூடேறிப் பிடிப்புத் தளரும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். அதனுடன் மிகுந்த பாரமும் சேருமாயின் ஆபத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

சிலர் பட்டறையில் கூடுதல் பட்டை வைத்துக்கொண்டு, இனி எவ்வளவும் ஏற்றலாம் என்று கருதுகின்றனர். இது தவறு. பட்டை கூடினால் வண்டி அமுங்காதிருக்கும்; அவ்வளவே. அச்சு, சட்டம், டயர், பிரேக் ஆகியவை முன்னிருந்த அளவினவே. அமுங்கி எச்சரிக்கும் குறியை மட்டும் அகற்றியதாக முடியும்.

20 மூட்டையை ஒரே நடையில் ஏற்றுவதால் மிச்சப்படுவது மறு நடைக்கான டீசலும் சிறிது பொழுதுமே. அதற்கு ஈடாகப் போவது டயரும் பட்டையும், பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களும். கடன் தவணை அந்நாட்களிலும் நிற்பதில்லை. மேலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மிகுபாரத்திற்கு ரூ.20,000-உம், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-உம் தண்டம் உண்டு. மிகுதியை இறக்கும் செலவும் சேரும்.

ஏற்றும் முறை

மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவதைக் குடியானவர் நன்கறிவர். பின்பாரமானால் நுகத்தடி மேலெழுந்து காளையின் கழுத்துக் கயிறு இறுகும். மோட்டார் வண்டியில் முன்சக்கரங்கள் தரையில் அழுந்தாமல், திருப்பும் சக்கரத்திற்குச் சரியே கட்டுப்படா. ஆகையால் கனத்த மூட்டைகளை அடியிலும் பெட்டியின் முற்பகுதியிலும் பரப்பி, இலேசானவற்றை மேலே வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டுக. டயரின் காற்றழுத்தத்தைப் புறப்படுமுன், அது சூடேறாதபோதே சோதிக்க வேண்டும்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களைப் பெட்டியில் ஏற்றிச் செல்வது வழக்கமாயிருக்கிறது. இஃது எவ்வாற்றானும் தகாது. பெட்டியில் பிடிமானமில்லை, மேற்கூரையில்லை, திடீரெனத் திரும்புகையில் நிற்பவர் ஒருபுறம் சாய, வண்டியே கவிழும். விதிக்கு மாறானதாகையால் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் இழப்பீடு பெறுவதற்கும் தடை உண்டாகும். வண்டிக்காரரும், கூலிக்கு வந்தவர் குடும்பமும் ஒருங்கே நலிவர். கிராம அதிகாரிகள் அறுவடைக் காலத்திற்கு முன்பே இதனை ஊராருக்கு எடுத்துரைத்தல் நலம்.

இவ்வண்டி முக்கால் டன் சுமப்பதற்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்டது. அக்கணக்கை மதித்து நடப்பவருக்கு அது பல்லாண்டு உழைக்கும். யானையென்று பெயரிட்டு அழைத்தாலும், அது குட்டி என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.