எளிய சொல்லும் அதன் துணையும்

'ஈட்' என்றால் சாப்பிடு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நானே. அதை நம்பிய மாணவனொருவன், சோற்றோடு காப்பியையும் மருந்தையும் அச்சொல்லாலேயே எழுதிவிட்டான். மதிப்பெண்ணைக் குறைத்தேன். பிழை என்னுடையது என்பது பின்னர்த்தான் புலப்பட்டது. தமிழில் மூன்றையும் சாப்பிடுகிறோம். ஆங்கிலேயரோ காப்பிக்கு 'டிரிங்க்' என்பர், மருந்துக்கு 'டேக்' என்பர்.

ஆக்டன் என்னும் அறிஞர் 1930-இல் வெளியிட்ட 'பேசிக் இங்கிலீஷ்' திட்டத்தில் 850 சொற்களே உண்டு. அவற்றுள் வினைகள் 18 மட்டுமே. வியப்பென்னவெனில், அவற்றுள் 'டேக்' உண்டு, 'ஈட்' இல்லை! மூன்றையும் 'டேக்' ஒன்றாலேயே ஒருவாறு சொல்லிவிடலாம். அத்தொகை மட்டும் போதுமென்று நான் கூறவில்லை. ஆனால், குறிப்பேட்டில் 'டேக்' என்று தனியே எழுதாதீர்கள்; 'டேக் மெடிசின்', 'டேக் எ பஸ்' எனத் துணைச்சொல்லோடு எழுதி, அதற்கெதிரே 'மருந்து உட்கொள்', 'பேருந்தில் செல்' என்று பொருள் குறியுங்கள்.