இணையக் கடையும் அது நிற்கும் நிலமும்

எமது கல்லூரியிற் பயின்று இன்று கொழும்பிலே தொழில் புரியும் பழைய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது தம் தமக்கையாரையும் அழைத்துக்கொண்டு என் இல்லம் வந்தார். அவ்வம்மையார் ஒடியல் மா, பனங்கட்டி, பனையோலைப் பெட்டி முதலியவற்றைச் சமூக ஊடகப் பக்கமொன்றின் வாயிலாக நான்கு ஆண்டுகள் விற்று வந்தவர். ஒருநாட் காலை அப்பக்கம் முடக்கப்பட்டிருந்தது. காரணம் யாதென அறிவிப்பாருமில்லை. முறையிட்டதற்கு மறுமொழி தருவாருமில்லை. வாங்குவோரின் பெயர், முகவரி, கேட்ட பொருள், அனுப்பிய முற்பணம் ஆகிய யாவும் அப்பக்கத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. முற்பணம் அனுப்பியிருந்த பதினொருவருள் எழுவரையே அவரால் தேடிக் காண முடிந்தது. ஏனைய நால்வரும் தம்மை வஞ்சித்தவளென்று எண்ணியிருப்பரே என்பதுதான் அவருக்குப் பணத்தினும் பெரிய துயரமாயிருந்தது.

“மாஸ்டர், இனி எந்தத் தளத்திலே கடை திறப்பது?” என்று தம்பியார் வினவினார். அவ்வினாவுக்கு யான் ஆராய்ந்து கூறிய விடையையே, இத்தகைய சிறு வணிகத்தில் இறங்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டு விரித்து எழுதுகின்றேன்.

இணையத்திற் பொருள்களைக் காட்சிக்கு வைத்து, கட்டளை பெற்று, பணம் வாங்கிக் கணக்கு வைத்தற்குரிய மென்பொருளும் சேவையும் சேர்ந்ததனையே மின்வணிகத் தளம் என்பர். அத்தளங்கள் பலவாயினும், அவற்றின் வேறுபாட்டை நம்மூர் வழக்கைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம். சந்தையிற் கடகம் வைத்து விற்பதுண்டு. பெருந்தெருவிற் கடையை வாடகைக்கு எடுப்பதுண்டு. சொந்தக் காணியிற் கடை கட்டுவதுமுண்டு. இம்மூன்றுமே இணையத்திலும் உள்ளன.

முதலாவது சந்தை. ஈபே, எட்சி, நம் நாட்டிற் பலரும் அறிந்த டராஸ் ஆகியன இவ்வகையின. சனக்கூட்டம் முன்னரே அங்குண்டு. கடகத்தை இறக்கிவைத்த அன்றே ஒருவர் விலை கேட்கலாம். ஆயின் சந்தைக் குத்தகைக்காரருக்கு வரி கொடுத்தல் வேண்டும். அவ்வரியை உயர்த்துங்கால் அவர் நம்மைக் கேளார். இதற்கு எட்சியே தக்க சான்று. கைவினைப் பொருளுக்கென 2005 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் புரூக்ளினிலே தொடங்கிய அச்சந்தை, விற்பனைக் கட்டணத்தை 2018 இல் 3.5 வீதத்திலிருந்து 5 வீதமாகவும், 2022 ஏப்ரலில் 6.5 வீதமாகவும் உயர்த்தியது. ஆயிரக்கணக்கான கைவினைஞர் ஒரு வாரம் தம் கடைகளை மூடி எதிர்ப்புக் காட்டினர்; கட்டணமோ குறைந்திலது. சந்தையில் வாங்கியவர் சந்தையின் வாடிக்கையாளரேயன்றி நம் வாடிக்கையாளர் ஆகார் என்பதையும் நினைவிலிருத்தல் வேண்டும். நாம் அங்கிருந்து வெளியேறுங்கால் அவர்கள் எழுதிய நற்சான்றுரைகள் நம்முடன் வாரா.

இரண்டாவது வாடகைக் கடை. இவ்வகையிற் பெயர்பெற்ற ஷொப்பிஃபை பிறந்த கதை சுவையானது. ஜேர்மனியிலிருந்து கனடாவிற் குடியேறிய தோபியாஸ் லூட்கே என்பவர், 2004 ஆம் ஆண்டிலே ஒட்டாவா நகரிலிருந்து பனிச்சறுக்குப் பலகை விற்கும் இணையக் கடையொன்றை நண்பருடன் தொடங்கினார். (பனியே காணாத நமக்கு அப்பலகை யாதென விளக்கப் புகின் கட்டுரை வேறு திசையிற் போய்விடும்.) அக்காலத்துக் கடைமென்பொருள் எதுவும் மனநிறைவு தராமையால் தாமே ஒன்றை எழுதினார். பலகை விற்பனையிலும் அம்மென்பொருளே பெறுமதி மிக்கதெனக் கண்டு, 2006 இல் அதனைப் பிறருக்கு வாடகைக்கு விடலானார். தமக்கு வேண்டியது யாதென முதலில் அறிந்து, அதன்பின் கருவி தேடியவர் அவர். நம்மவரிற் பலரோ கருவியை முதலில் வாங்கிவிட்டுத் தேவையைப் பின்னரே ஆராய்கின்றனர்.

வாடகைக் கடையிற் பாதுகாப்பு, பழுதுபார்த்தல் ஆகியவற்றை உரிமையாளரே கவனித்துக்கொள்வர். ஆயினும் விற்பனை நடந்தாலும் நடவாவிடினும் வாடகை கட்டியே ஆதல் வேண்டும். ஷொப்பிஃபையின் அடிப்படைத் திட்டத்துக்கு மாதந்தோறும் செலுத்துவோர் கொடுக்கும் தொகை 2023 இல் 29 டொலரிலிருந்து 39 டொலராயிற்று. அத்தொகையை வைத்தே அவ்வம்மையாருடன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வெளிநாட்டு அன்பரொருவர் 20 டொலர் பெறுமதியான பொருளை வாங்கி, அனுப்பு செலவாக 10 டொலர் தருகின்றார் என்க. எட்சி தன் 6.5 வீதத்தை அனுப்பு செலவின்மீதும் சேர்த்தே அறவிடும், ஆகவே 1.95 டொலர். பொருளைப் பட்டியலில் இடும் கட்டணம் 0.20 டொலரையும் கூட்டின் 2.15 டொலர். 39 டொலர் வாடகையை இதனால் வகுத்துப் பார்த்தால், மாதம் 19 விற்பனைக்கு மேற்படின் வாடகைக் கடையே இலாபமென்று தோன்றும். ஆயின் கணக்கு அங்கே முடியவில்லை. ஷொப்பிஃபை தன் சொந்தப் பணம்பெறு சேவையைச் சில நாடுகளுக்கே அளிக்கின்றது. இலங்கை அவற்றுள் இல்லை. வெளியார் சேவையைப் பயன்படுத்துவோரிடம் அடிப்படைத் திட்டத்தில் மேலும் 2 வீதம் பெறுகின்றது. 30 டொலருக்கு அது 0.60. எஞ்சும் வேறுபாடு 1.55 டொலரே. எனவே 19 என்பது 26 ஆகின்றது. வங்கி அட்டைக்குரிய கட்டணம் இரு பக்கத்திலும் தனியே உண்டு. அம்மையாரின் விற்பனையோ மாதம் பதினைந்து அளவினதே. ‘மாதம் சிறு தொகைதானே’ என்று விளம்பரத்தைக் கண்டு சேர்வோர் இவ்வகுத்தலை ஒருமுறையேனும் செய்து பார்ப்பாராக.

மூன்றாவது சொந்தக் காணி. வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளின்மேல் இயங்கும் வூகொமர்ஸ் இவ்வகையிற் பெரிதும் வழங்குவது. 2011 இல் வெளிவந்த இதற்கு விலையில்லை. எவரும் எடுத்து, தாம் விரும்பிய வழங்கிக் கணினியில் வைக்கலாம். அவ்விடம் பிடிக்காவிடின் கடை முழுவதையும் பெயர்த்து வேறிடம் கொண்டு செல்லலாம். வழங்கிக்கும் இணைய முகவரிக்கும் ஆண்டுதோறும் செலவுண்டு. அம்முகவரியைக் கடை அமைத்துத் தருபவரின் பெயரிற் பதியவிடாது நம் பெயரிலேயே பதிதல் வேண்டும். ‘டொட் இலங்கை’ எனத் தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரி 2010 இல் நம் நாட்டுக்குக் கிடைத்தது என்பதைத் தமிழாசிரியன் என்ற முறையில் இடையே சொல்லிவைக்கின்றேன்; அதனைக் கொண்ட கடையொன்றையேனும் காணும் ஆவல் எனக்குண்டு.

நாவலர் பெருமான் 1849 இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். தமக்கென அச்சகம் இருந்தமையால் தாம் கருதியதைக் கருதியபடி அச்சிட அவரால் இயன்றது. ஆனால் இயந்திரத்தைச் சொந்தமாக்கியவர் அதற்கு எண்ணெயிடும் பொறுப்பையும் ஏற்றவராவர். இணையக் கடையில் எண்ணெயிடுதலாவது, மென்பொருளின் புதிய திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுதலும் பிரதியெடுத்து வைத்தலுமாம். இதிற் சோம்புவோர்க்கு நேர்வதை மஜெந்தோ என்னும் மென்பொருளின் வரலாறு காட்டும். 2008 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்புக்கான ஆதரவு 2020 யூன் 30 உடன் நிறுத்தப்பட்டது. இரண்டாம் பதிப்பின் கட்டமைப்பு வேறாதலால் கடையைப் பெரும்பாலும் புதிதாகவே கட்டவேண்டியிருந்தது. பலர் அதற்கு அஞ்சிப் பழையதிலேயே தங்கினர். அவ்வாண்டு செப்டெம்பரில் ஒரு வார இறுதிக்குள் ஏறத்தாழ 2000 கடைகளிற் கள்வர் புகுந்து வாடிக்கையாளரின் அட்டை விவரங்களைத் திருடும் நிரலை வைத்துவிட்டனர். அவற்றுட் பெரும்பாலானவை அம்முதற் பதிப்பில் இயங்கியவையே.

பணம் பெறும் வழி பற்றி ஒரு சொல். இலங்கையிலிருந்து பேபால் வாயிலாகப் பணம் செலுத்தலாமாயினும், பெறுதல் நெடுங்காலம் இயலாதிருந்தது. ஆகவே பிறநாட்டார் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துத் தளம் தேர்ந்தோர் பலர், கடை முழுவதையும் அலங்கரித்த பின்னரே பணப்பெட்டிக்கு வாயில்லை என்று கண்டனர். பேஹியர் முதலிய உள்நாட்டுச் சேவைகளும் வங்கிகளும் இன்று துணை செய்கின்றன. நாம் விரும்பும் தளத்தோடு அச்சேவை இணையுமா என்பதை முதலிலேயே கேட்டறிதல் வேண்டும். பிரதேச செயலகத்திற் பெற்ற வணிகப் பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்திருப்பின் அலைச்சல் குறையும். உள்ளூரார் பலர் பொருள் கையில் வந்த பின்னரே பணம் கொடுப்பர். அவ்வசதியும் தளத்தில் இருத்தல் நன்று.

வழிகாட்டிகள் அறவே பேசாத ஒன்று மொழி. நம்மூரிற் பலர் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதுகின்றனர். அது ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவத்தை வைத்த பழைய ஏற்பாடு; அதனை அப்படியே கடைப்பக்கத்தில் ஒட்டினால், வாங்குவோரின் கைபேசியில் ‘ஒடியல் மா’ என்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். தேடுபொறிக்கும் அது விளங்காது. ஒருங்குறியிலேயே எழுதுதல் வேண்டும். கனடாவில் வளர்ந்த பிள்ளை ஆங்கில எழுத்திலும், அவரின் அம்மம்மா தமிழெழுத்திலும் ஒரே பொருளைத் தேடுவர். இரு பெயரையும் இடுதற்குத் தளம் இடந்தருமா என்று பார்த்தல் வேண்டும்.

இவையனைத்தையும் கேட்ட பின்னர், தாமே வாங்குபவராய் நடித்துப் பார்க்குமாறு அம்மையாரிடம் கூறினேன். பெரும்பாலான வாடகைத் தளங்கள் சில நாட்களுக்குக் கட்டணமின்றியே இடந்தருகின்றன. அந்நாட்களில் ஒரு பொருளை இட்டு, சிறு தொகைக்குக் கட்டளை கொடுத்து, பணத்தைத் திருப்பியும் பெற்று, இறுதியில் வாடிக்கையாளர் பட்டியலைத் தம் கணினிக்கு இறக்கிப் பார்த்தல் வேண்டும் என்றேன்.

அவர் முதலிற் சோதித்த தளத்திற் பக்கம் அழகாயிருந்தது, பட்டியலும் இறங்கிற்று. ஆனால் பொதியில் ஒட்டும் முகவரிச் சீட்டை அச்சிட்டபோது, தமிழில் எழுதிய பெயர் இருந்த இடத்திலே வெறுங் கட்டங்களே வரிசையாய் நின்றன. அன்று மாலையே அக்கணக்கை மூடிவிட்டார். அடுத்து வூகொமர்ஸைச் சோதித்தார். பெயர் செம்மையாய் அச்சாயிற்று. ஞாயிறுதோறும் கொழும்பிலிருந்தே திருத்தங்களை ஏற்றிப் பிரதி எடுப்பதாகத் தம்பியார் ஒப்புக்கொண்டார். அம்மையாரோ அப்பிரதியோடு நில்லாது, வாங்குவோர் ஒவ்வொருவரின் பெயரையும் முகவரியையும் கோடிட்ட கொப்பியொன்றிற் கைப்பட எழுதியும் வருகின்றார்.